எல்லா மலையிலும் ஒரே நாளில் கவ்வாத்து வெட்டுவதில்லை

கேள்வி: அக்கா, நான் ஹட்டனைச் சேர்ந்தவன். கண்டியில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு நிதிக் கம்பனியின் ஐடி பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நகை அடகு, லீசிங், சேமிப்பு, சிறு கடன் எல்லாம் செய்கிறோம், மலையகம் முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, இனி எல்லாத் தொழில்நுட்ப புரொஜெக்ட்டுகளையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 23 இருக்கிறது. பிரிவில் நாங்கள் 9 பேர், போன வருடம் முடித்தது 6. கோர் சிஸ்டம் (எல்லாக் கணக்குகளும் ஓடுகிற அடிப்படை சிஸ்டம்) மாற்றம், புது அடகு சிஸ்டம், வாடிக்கையாளர் செயலி மூன்றும் டிசம்பருக்குள் வேண்டுமாம். எல்லாமே அவசரம் என்கிறார்கள், எத்தனை வீதம் முடிந்தது என்று பணிப்பாளர் சபை மாதாமாதம் கேட்கிறது. பழைய சிஸ்டத்தின் உள்விவரம் தெரிந்த ஒரே அம்மாவும் வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். இதற்கென்று நல்ல சொஃப்ட்வெயர் ஏதாவது வாங்கச் சொல்லவா? பிஎம்பி (PMP) என்ற புரொஜெக்ட் முகாமைப் பரீட்சை எழுதினால் இந்த வேலை பிடிபடுமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சொஃப்ட்வெயர் வேண்டாம், 23 வரி ஒரு எக்செல் தாளில் அடங்கும். புதிதாக ஒன்றை வாங்கினால் அதைப் பொருத்துவது 24ஆவது புரொஜெக்ட்டாக உங்கள் தலையிலேயே வந்து விழும். பிஎம்பி நல்ல பரீட்சைதான், ஒரு புரொஜெக்ட்டை ஒழுங்காக நடத்தச் சொல்லித் தரும். ஆனால் உங்களிடம் தந்திருப்பது வேறு வேலை. எது இப்போது நடக்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பெரியவர்களை முடிவெடுக்க வைப்பதுதான் அது. பரீட்சையை அடுத்த வருடம் எழுதுங்கள்.

இனி உங்கள் கடிதத்திலேயே இருக்கிற கணக்கைப் பார்ப்போம். கையில் 23, வருடத்துக்கு முடிவது 6. 23ஐ 6ஆல் வகுத்தால் ஏறக்குறைய நான்கு. அதாவது இப்போதைய போக்கில் உங்கள் கம்பனியில் ஒரு புரொஜெக்ட் உள்ளே வந்தால் வெளியே போகச் சராசரியாக நான்கு வருடம் ஆகும். இது என் அபிப்பிராயம் இல்லை, வரிசைகளைப் பற்றி ஜோன் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி, வங்கிக் கவுன்டரில் நிற்கிற ஆட்களுக்கும் தொழிற்சாலையில் கிடக்கிற சாமான்களுக்கும் பொருந்துகிற மாதிரியே புரொஜெக்ட்டுகளுக்கும் பொருந்தும். அதே 9 பேர், அதே வேகம், ஆனால் ஒரே நேரத்தில் கையில் 7 மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் பதினாலு மாதத்தில் வெளியே வரும். நடைமுறையில் அதைவிடச் சீக்கிரமாகவே வரும், ஏனென்றால் ஆட்கள் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவி, விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிற நேரம் மிச்சமாகும்.

என் அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியற்காலையில், வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் அவர் செய்கிற முதல் வேலை, வந்திருக்கிற ஆளை எண்ணுவது. அப்புறம்தான் எந்த மலைக்கு எத்தனை பேர் என்ற பேச்சு. நூறு பேர் வருவார்கள் என்று நினைத்து எழுபது பேர் வந்திருந்தால், சில மலைகளை நாளைக்கு விட்டுவிடுவார். எழுபது பேரையும் எல்லா மலைக்கும் பிய்த்துப் பிய்த்து அனுப்பியதை நான் பார்த்ததில்லை. நம் அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் புரொஜெக்ட், அப்புறம் காசு, கடைசியில்தான் ஆளைத் தேடுகிறோம். காசு ஒதுக்கிவிட்டார்கள் என்பதால் வேலை நடக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

ஆகவே முதல் வாரத்தில் நீங்கள் எண்ண வேண்டியது நேரத்தை. 9 பேர், மாதத்துக்கு 20 வேலை நாள் என்றால் 180 ஆள்-நாள். கிளைகளிலிருந்து வருகிற தொலைபேசி, மாத முடிவு, கணக்காய்வாளர் கேட்கிற அறிக்கை, பிரின்டர் பிரச்சினை, இதெல்லாம் எவ்வளவு சாப்பிடுகிறது என்று இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் பாதிக்குக் குறைந்ததே இல்லை. லீவு, போயா எல்லாம் கழித்தால் 80 நாள் மிஞ்சும் என்று வைப்போம். 23ஆல் வகுத்தால் ஒரு புரொஜெக்ட்டுக்கு மாதத்தில் மூன்றரை நாள். அந்த ஒரு எண்ணைப் பணிப்பாளர் சபைக்குக் காட்டுங்கள். எத்தனை வீதம் முடிந்தது என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் உங்களிடம் இப்போது இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 9 பேரும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் 23இல் எத்தனை வேலை அந்த அம்மாவின் மேசையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பதினைந்துக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் கம்பனியின் உண்மையான வேகம் அவருடைய ஒரு நாள்தான், மற்ற எட்டுப் பேர் எவ்வளவு ஓடினாலும் அங்கே வந்து நிற்பார்கள். இதேபோல் பரிசோதனைக்கு வருகிற கடன் பிரிவு ஆட்களையும் கிளை ஆட்களையும் எண்ணுங்கள். அவர்களை யாரும் ஐடி கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் ஒரு அடகு சிஸ்டத்தைச் சோதிக்க நகை எடைபோட்டு அடகு பிடித்துப் பழகிய ஆள்தான் வேண்டும்.

சரி, 23ஐ எப்படிக் குறைப்பது. மூன்று கூடையாகப் பிரியுங்கள். சட்டமோ மத்திய வங்கியோ திகதி போட்டுக் கேட்கிறவை ஒன்று. செய்யாவிட்டால் இருப்பதே விழுந்துவிடும் என்பவை இரண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, உங்கள் கிளைக் கணினிகளில் இன்னும் அது ஓடிக்கொண்டிருந்தால் அது இந்தக் கூடை. மூன்றாவது, வியாபாரத்தை வளர்க்க வந்தவை. முதல் கூடையில்தான் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தங்கள் புரொஜெக்ட்டைக் காப்பாற்ற நினைக்கிற எல்லோரும் அதைச் சட்டத் தேவை என்று சொல்லுவார்கள். கோபப்படாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பிரிவு, எந்தத் திகதி? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று சொன்னால், அந்தச் சட்டத்தின் எந்தக் கடமைக்காக இந்த வேலை என்று கேட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாமலே சில புரொஜெக்ட்டுகள் தாமாக மூன்றாவது கூடைக்கு நகர்ந்துவிடும்.

மூன்றாவது கூடையில் யார் முந்துவது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். உங்கள் பதவிக்கு அந்தப் பலம் இல்லை, இருக்கவும் கூடாது. வியாபாரத் தலைவர்கள், நிதிப் பொறுப்பாளர், இடர் முகாமையாளர், உங்கள் ஐடி தலைவர் எல்லோரும் மாதத்துக்கு ஒரு முறை ஒரே மேசையில் உட்கார வேண்டும். அங்கே நீங்கள் வைக்க வேண்டியது ஒரே கேள்வி: இடம் 7, இது உள்ளே வந்தால் எது வெளியே போகிறது? கூட்டத்துக்கு முன்பு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். தன் புரொஜெக்ட் பிந்தப் போகிறது என்பதை ஒருவர் பத்துப் பேர் முன்னால் முதல் தடவையாகக் கேட்டால் அவர் சண்டைக்குத்தான் வருவார். அது நியாயமும்கூட.

டிசம்பருக்குள் மூன்று பெரிய மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் என்னை மிகவும் பயப்பட வைத்த வரி அதுதான். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது, நடந்த மலையில் சில மாதத்துக்குக் கொழுந்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைக்கு அது தேவை, ஆனால் அதற்காகத் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு எந்தத் துரையும் உட்காருவதில்லை. உயரமான தோட்டங்களில் நாலைந்து வருடச் சுற்றில் ஒவ்வொரு மலையாக வருகிற மாதிரிதான் பிரித்து வைப்பார்கள், மற்ற மலைகள் அந்த நேரத்தில் தொழிற்சாலையை ஓட்டிக்கொண்டிருக்கும். கோர் சிஸ்டத்தை மாற்றுவது கவ்வாத்து. அது நடக்கிற மாதங்களில் கிளை ஆட்கள் தடுமாறுவார்கள், வரிசை நீளும், கணக்குச் சரிபார்க்க ராத்திரி இருக்க வேண்டி வரும். அதே கிளையில், அதே காசாளர் கையில், அதே மாதம் புது அடகு சிஸ்டத்தையும் கொடுத்தால் தனித்தனியாகப் பார்க்கும்போது நன்றாக இருக்கிற இரண்டு புரொஜெக்ட்டும் சேர்ந்து கிளையை நிறுத்திவிடும். ஒவ்வொரு புரொஜெக்ட் பொறுப்பாளரும் தன்னுடையதை மட்டும் பார்ப்பார். எல்லாவற்றையும் கிளையின் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்.

பிரித்தானியாவில் டிஎஸ்பி (TSB) என்ற வங்கி 2018 ஏப்ரலில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. பத்தொன்பது இலட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் போனது. புதிய தரவு மையங்கள் இரண்டில் ஒன்றில் மட்டும்தான் சுமைச் சோதனை (நிறையப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்ற சோதனை) செய்திருந்தார்கள் என்பது பின்பு விசாரணையில் தெரிந்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடியே 86 இலட்சம் பவுண்டுக்கு மேல். அந்த விசாரணை அறிக்கையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, முதலில் முடிவுத் திகதியைக் குறித்துக்கொண்டு வேலைகளைப் பின்னோக்கி அடுக்கினார்கள் என்பதும், திகதி தள்ளிப்போனபோது புதுத் திகதி மட்டும் ஏன் சாத்தியம் என்று பணிப்பாளர் சபை அழுத்திக் கேட்கவில்லை என்பதும்தான். உங்கள் டிசம்பர் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். நிதியாண்டுக்காகவா, யாரோ கூட்டத்தில் சொன்னதாலா, பழைய சிஸ்டத்தின் ஒப்பந்தம் முடிவதாலா? மூன்றாவதாக இருந்தால்தான் அது உண்மையான திகதி.

திகதி என்று வரும்போது நம் ஊரின் நாட்காட்டியை வைத்து யோசியுங்கள். கொழும்பிலிருந்து வருகிற வென்டரின் திட்டத்தில் இது இருக்காது. தோட்டங்களில் சம்பளம் போடுகிற 10ஆம் திகதி வாக்கில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலைப் பக்கக் கிளைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரத்தில் புது சிஸ்டம் எதையும் லைவ் (பாவனைக்கு) போகவிடாதீர்கள். தீபாவளிக்கு முன்பும் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பும் நகை அடகு வைக்கவும் மீட்கவும் வருகிறவர்களுக்காகக் குறைந்தது மூன்று வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் மழை. ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன், ஜூலையில் கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் எப்படித் துண்டுபட்டன என்பது நாம் எல்லோரும் பார்த்தது. ஆகவே கிளைகளுக்குப் புது சிஸ்டம் கொண்டுபோகிறபோது ஊவாப் பக்கத்தை வருடத்தின் நடுவிலும் ஹட்டன் பக்கத்தை வருடத் தொடக்கத்திலும் வைத்தால் பாதித் தலைவலி குறையும். லயத்துக்குப் போய்க் கடன் அறவிடுகிறவர்களுக்கான டப்லெட் சிக்னல் இல்லாமலும் பதிவு எடுக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.

உங்கள் 23இல் தரவைச் சுத்தம் செய்கிற வேலை எங்கே என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கோர் சிஸ்டம் புரொஜெக்ட்டுக்குள் ஒரு வரியாக இருக்கும், இரண்டு வாரம் என்று போட்டிருப்பார்கள். நம் மக்களின் கணக்குகளுக்கு இரண்டு வாரம் போதவே போதாது தம்பி. முத்துலெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் சேமிப்புப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பார்கள். முகவரி தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான், அதே முகவரியில் இருநூறு குடும்பம் இருக்கும். சேமிப்பை ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டையால் திறந்திருப்பார், அடகை 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையால் வைத்திருப்பார், சிஸ்டத்துக்கு அவர் இரண்டு ஆள். பழைய எண்ணின் முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்தால் புது எண் வந்துவிடும், ஆகவே இதை ஒரு சின்னக் கணினி நிரலால் பெருமளவுக்குச் சேர்த்துவிடலாம். பிறந்த நாளைக் குறிக்கிற மூன்று இலக்கத்தில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும், அதைத் தெரியாமல் யாரோ ஆண் பெண் என்ற பகுதியைத் தப்பாக நிரப்பியிருப்பதும் அப்போது வெளியே வரும். ஆனால் பெயர்களைக் கிளை ஆள் ஒருவர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். இந்த வேலை கோர் சிஸ்டத்துக்கும் செயலிக்கும் அடகுக்கும் மூன்றுக்குமே தேவை, ஆகவே அதைத் தனிப் புரொஜெக்ட்டாக வெளியே எடுத்து 7இல் ஒன்றாக வையுங்கள்.

இப்படி ஒவ்வொரு புரொஜெக்ட்டிலும் சிறிதாகத் தெரிந்து, சேர்த்துப் பார்த்தால் பெரிதாகிற செலவுகளும் இருக்கின்றன. ஒரு உதாரணம் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், அதிலும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். அடகுத் தவணை நினைவூட்டல் தமிழில் அனுப்பினால் மூன்று செய்தியின் காசு ஆகலாம். அதற்காக ஆங்கிலத்தில் அனுப்புங்கள் என்று தயவுசெய்து யாரும் முடிவெடுக்க விடாதீர்கள், நகை ஏலத்துக்குப் போகிறது என்ற செய்தியைப் படிக்க முடியாமல் போன ஒரு அம்மாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முன்கூட்டியே செலவைக் காட்டிக் காசு வாங்கிவிடுங்கள். இன்னொன்று டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, உரிமக் கட்டணங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. அதுவரை மொத்தம் எவ்வளவு டொலரில் கட்டவேண்டியிருக்கிறது என்று யாரும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. உங்கள் எக்செல்லில் அதற்கு ஒரு நிரல் வையுங்கள்.

வீதத்தைப் பற்றி. நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் கடன் சிஸ்டம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பதினொரு மாதம், எல்லாம் சரியாகப் போகிறது என்று பச்சை நிறத்தில் அறிக்கை கொடுத்தேன், 90 வீதம் என்று எழுதினேன். பன்னிரண்டாம் மாதம் கிளைக்குக் கொண்டுபோனபோது தமிழ் ரசீது முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சானது, பணம் கட்டியவருக்குக் கையில் கொடுக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஹட்டன் கிளையில் சோதனை செய்த பிள்ளைக்கு அது நாலாம் மாதமே தெரியும். யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகு நான் வீதம் எழுதுவதில்லை. ஒவ்வொரு புரொஜெக்ட்டுக்கும் மூன்று வரி எழுதுவேன்: போன மாதம் கிளையில் உண்மையாகப் பாவிக்கத் தொடங்கியது என்ன, அடுத்து எது எந்தத் திகதியில், யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறோம். சபைக்கு முதலில் பழக்கமில்லாமல் இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் அதையே கேட்பார்கள். மாதம் ஒரு கிளைக்கு நீங்களே போய் வாருங்கள்.

நிறுத்துவது கஷ்டம், அதைச் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவு காசு போட்டுவிட்டோமே என்பார்கள். போட்ட காசு எந்த முடிவாலும் திரும்பி வராது, இனிப் போட வேண்டியது எவ்வளவு, அதனால் வரப்போவது என்ன என்ற இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எதையாவது தள்ளிவைத்தால் மீண்டும் எப்போது பார்ப்போம் என்று திகதியோடு எழுதுங்கள், அந்தத் திகதியில் கட்டாயம் மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை நீங்கள் மறந்தால், தள்ளிவைப்பது என்றால் குழிதோண்டிப் புதைப்பது என்று எல்லோரும் புரிந்துகொண்டு, அடுத்த தடவை யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். தொடங்கியவரே நிறுத்தியதாக அறிவிக்க இடம் கொடுங்கள்.

கடைசியாக, ஜூனில் ஓய்வு பெறுகிற அந்த அம்மா. உங்கள் 23இல் அவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் கற்றுக்கொள்வது என்ற புரொஜெக்ட் இல்லை. ஏழில் முதல் இடம் அதற்குத்தான், கோர் சிஸ்டத்துக்கும் முன்னால். வட்டிக் கணக்கில் எந்த வருடம் என்ன மாற்றினார்கள், எந்தக் கிளையின் பழைய கணக்கு ஏன் வேறு மாதிரி இருக்கிறது, மாத முடிவில் எது நின்றால் எதைத் தொட வேண்டும், இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. நல்ல பிள்ளைகள் இரண்டு பேரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஒருவர் போதாது, அந்த ஒருவர் கட்டாருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விட்டால் மறுபடியும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். அடுத்த மாத முடிவை அவர் கைவைக்காமல் அந்த இரண்டு பேரும் செய்யட்டும், அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். அதற்கான ஆணையை யாரும் மேலிருந்து போட்டு அவர் கேள்விப்படக் கூடாது. திங்கட்கிழமை நீங்களே அவருடைய மேசைக்குப் போங்கள், ஒரு மணிநேரம் உட்காருங்கள், இத்தனை வருடம் அந்த சிஸ்டத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேளுங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.